எத்தனை பங்கு என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள்

2023 ஜூலையில் 6 லட்சம் ரூபாயோடு பங்கு வர்த்தகத்தைத் தொடங்கினேன். 2024 ஜூன் 5-ஆம் தேதி மாலை கணக்கில் மிஞ்சியது 4,18,430 ரூபாய். நான்கு வருடம் சேர்த்ததில் 1,81,570 ரூபாயைப் பதினோரு மாதத்தில் தொலைத்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பணம் போனதைவிட, ஏன் போகிறது என்று புரியாமலே உட்கார்ந்திருந்த மாதங்கள்தான் கொடுமை. நான் எடுத்த பங்குகளில் பாதிக்கு மேல் லாபத்தில்தான் முடிந்தன. எதை வாங்குவது, எப்போது வாங்குவது என்று ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். எத்தனை வாங்குவது என்பதை மட்டும், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்து அந்த நிமிடத்தில் முடிவு செய்துகொண்டிருந்தேன். பணம் ஒழுகியது அந்த ஓட்டை வழியாகத்தான். முதல் மாதமே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி தப்பியிருக்கும். அதனால் நடந்த வரிசையிலேயே, கணக்கோடு எழுதுகிறேன்.

முதல் ஐந்து மாதம் என் முறை இதுதான்: ஆறு லட்சத்தை ஆறாகப் பிரித்து, ஒரு பங்குக்கு ஒரு லட்சம். சமமாகப் பிரித்தால் ரிஸ்க்கும் சமமாகப் பிரியும் என்று நம்பினேன். அது தவறு. ஒரு லட்சம் என்பது போடுகிற பணம். அதில் எவ்வளவை இழக்கத் தயாராக இருக்கிறோம் என்பது வேறு கணக்கு. அமைதியாக நகரும் ஒரு பெரிய நிறுவனப் பங்கில் ஸ்டாப்லாஸ், அதாவது தவறு என்று ஒப்புக்கொண்டு விற்று வெளியேறும் விலை, இரண்டரை சதவீதம் கீழே இருக்கும். தவறினால் 2,500 ரூபாய் போகும். துள்ளுகிற ஒரு ஸ்மால்கேப் (சிறு நிறுவன) பங்கில் ஸ்டாப்லாஸை 9 சதவீதம் கீழேதான் வைக்க முடியும். தவறினால் 9,000. இரண்டிலும் ஒரே தொகையைப் போட்டதால், எனக்கே தெரியாமல் துள்ளுகிற பங்கில் மூன்றரை மடங்கு பெரிய பந்தயம் கட்டிக்கொண்டிருந்தேன். நவம்பர் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். 31 வர்த்தகம், 18 லாபம், 13 நட்டம். லாபத்தின் சராசரி 2,950 ரூபாய், நட்டத்தின் சராசரி 7,040. கூட்டிக் கழித்தால் 38,420 ரூபாய் நட்டம். பதினெட்டு முறை ஜெயித்தவன் எப்படித் தோற்றான் என்று அன்றிரவு அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பல மாதம் கழித்து அதே 31 வர்த்தகத்தையும், ஒவ்வொன்றிலும் அதிகபட்ச நட்டம் 6,000 ரூபாய் என்று வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். வாங்கிய விலை, விற்ற விலை எல்லாம் அதே. எண்ணிக்கை மட்டும் மாறியது. 13 நட்டத்தில் 78,000 போகிறது, 18 லாபத்தில் 88,500-க்குக் கொஞ்சம் மேல் வருகிறது. சுமார் பத்தாயிரம் ரூபாய் லாபம். நடந்து முடிந்ததை வைத்துப் போட்ட கணக்குதான், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தெரியும். ஆனாலும் எண்ணிக்கை ஒன்றை மட்டும் மாற்றினால் கழித்தல் குறி கூட்டல் குறியாகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

கணக்கு கடினமானது இல்லை. மொத்த முதலில் ஒரு வர்த்தகத்துக்கு எத்தனை சதவீதம் இழக்கலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு சார்ட்டைப் பார்த்து, எந்த விலைக்கு வந்தால் நம் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வோமோ அந்த விலையைக் குறியுங்கள். அதுதான் ஸ்டாப்லாஸ். வாங்கும் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தோடு வரி, கட்டணம், விலைச் சறுக்கல் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாவற்றுக்கும் ஒரு தொகையைச் சேருங்கள். இழக்கத் துணிந்த தொகையை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் எண்ணிக்கை வரும். ஜூனில் என்னிடம் மிஞ்சிய சுமார் 4,18,000-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் என்றால் 4,180 ரூபாய். பங்கின் விலை 642, ஸ்டாப்லாஸ் 618, வித்தியாசம் 24. டெலிவரியில் (அன்றே விற்காமல் வைத்திருக்க) வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது 0.015 சதவீதம் முத்திரைக் கட்டணம், மற்ற சில்லறைக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து இந்த விலையில் ஒரு பங்குக்குச் சுமார் ஒன்றரை ரூபாய். சறுக்கலுக்கு ஒரு ரூபாய். ஆக 26.50. 4,180-ஐ 26.50-ஆல் வகுத்தால் 157.7. கீழ்நோக்கி முழுமையாக்கி 157 பங்கு. 160 என்று உருட்டிவிட வேண்டாம். இங்கே எண்ணிக்கை கடைசியாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். நான் அதை முதலில் எழுதிவிட்டு, மற்றவற்றை அதற்கு ஏற்ப வளைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாய்பாடு தெரிந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்று இருக்கிறது. ஸ்டாப்லாஸை நெருக்கி வைத்தால் எண்ணிக்கை ஏறுமே என்ற ஆசை. அதே பங்கில் ஸ்டாப்லாஸை 633-இல் வைத்தால் வித்தியாசம் 11.50 ஆகி, 363 பங்கு வாங்கலாம் என்று கணக்கு சொல்லும். காகிதத்தில் ரிஸ்க் அதே 4,180. ஆனால் அந்தப் பங்கு சாதாரண நாளிலேயே எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஏடிஆர் என்ற அளவு இருக்கிறது. வெல்ஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்தியது. வழக்கமாக 14 நாள் சராசரி. முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து விட்ட இடைவெளியையும் சேர்த்து, ஒரு நாளில் பங்கு எத்தனை ரூபாய் அசைகிறது என்று காட்டும். எந்த சார்ட் செயலியிலும் இருக்கிறது. இந்தப் பங்கின் ஏடிஆர் 12 ரூபாய் என்றால், 9 ரூபாய் கீழே வைத்த ஸ்டாப்லாஸ் எந்தச் செய்தியும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமைகூட அடிபட்டுவிடும். நான் ஏடிஆரில் இரண்டு மடங்கு கீழே வைக்கிறேன், அதாவது 24 ரூபாய். பக்கத்தில் ஒரு நல்ல சப்போர்ட் (முன்பு விலை விழாமல் தாங்கி நின்ற மட்டம்) இருந்தால் அதற்குச் சற்றுக் கீழே. இப்படிச் செய்தால் துள்ளும் பங்கில் எண்ணிக்கை தானாகக் குறையும், அமைதியான பங்கில் தானாகக் கூடும். நான் ஐந்து மாதம் செய்ததற்கு நேர் எதிர்.

அடுத்த அடி 2024 பிப்ரவரியில் விழுந்தது. இதை எழுத இன்னமும் கூசுகிறது. 420 ரூபாயில் 400 பங்கு வாங்கினேன். 395-க்கு வந்தால் வெளியேறுவது என்று நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. 395 வந்தது. போன வாரம் 420-க்கு நல்ல பங்கு என்றால் இப்போது இன்னும் நல்லதுதானே என்று நினைத்து, இன்னொரு 400 வாங்கினேன். 372-இல் மறுபடி 400. அப்போது என்னிடம் 1,200 பங்கு, சராசரி விலை 395.67, போட்ட பணம் 4,74,800. கணக்கில் இருந்த மொத்தப் பணத்தில் 85 சதவீதம் ஒரே பங்கில். அந்த மூன்று வாரமும் சரியாகத் தூங்கவில்லை. வேலை நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனை எடுத்துப் பார்த்தேன். கடைசியில் 341-இல் தாங்க முடியாமல் விற்றேன். நட்டம் 65,600. 395-இல் வெட்டியிருந்தால் 10,000.

இப்படி இறங்கும்போது மேலும் வாங்கி ஆவரேஜ் செய்வதே பாவம் என்று சொல்ல மாட்டேன். பல வருடம் வைத்திருக்க வாங்குகிறவர் மாதாமாதம் வாங்கட்டும். ஆனால் ஸ்டாப்லாஸ் வைத்து வர்த்தகம் செய்கிறவருக்கு, எண்ணிக்கைக் கணக்கு மொத்தமும் அந்த ஒரு விலையின் மேல் நிற்கிறது. அதை நகர்த்தினால் வகுக்கும் எண்ணே மாறிவிடுகிறது, பழைய விடைக்குப் பொருளில்லை. பகுதி பகுதியாக வாங்க விரும்பினால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். முழு அனுமதி 157 பங்கு என்றால் முதலில் 80, விலை சாதகமாகப் போனபின் 77. அப்போதும் எல்லாப் பங்குக்கும் சேர்த்து ஸ்டாப்லாஸ் அடிபட்டால் 4,180-ஐத் தாண்டக் கூடாது.

அந்த அடிக்குப் பிறகு மார்ச்சில்தான் மேலே சொன்ன வாய்பாட்டைக் கற்றுக்கொண்டேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நிம்மதி. ஒரு வர்த்தகத்துக்கு 2 சதவீதம் என்று வைத்தேன். அப்போது கணக்கில் 4,95,980, ஆக 9,900 ரூபாய். ஜூன் 1 மாலை, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய தேர்தல் கருத்துக்கணிப்புகள் வந்தன. ஜூன் 3 திங்களன்று, 50 முன்னணிப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்த வேகத்தில் மூன்று பொதுத்துறைப் பங்குகள் வாங்கினேன். மூன்றிலும் ஸ்டாப்லாஸ் 6 சதவீதம் கீழே. 9,900-ஐ 6 சதவீதத்தால் வகுத்தால் 1,65,000, மூன்றுக்கும் 4,95,000. கணக்கு முழுவதும் நிரம்பியது. மூன்றும் சேர்ந்து தோற்றாலும் 29,700 தானே என்று தைரியம். ஜூன் 4 வாக்கு எண்ணிக்கையன்று நிஃப்டி 5.93 சதவீதம் சரிந்து 21,884.50-இல் முடிந்தது. பல பொதுத்துறைப் பங்குகள் அதைவிட அதிகமாக அடி வாங்கின. எனக்கு ஒன்றில் 14 சதவீதம், இன்னொன்றில் 17, மூன்றாவதில் 16. நட்டம் 77,550 ரூபாய். வாய்பாடு சொன்னதைப் போல இரண்டரை மடங்கு.

எங்கே தவறியது என்று பிரித்துப் பார்த்தால் மூன்று ஓட்டை. முதலாவது ஆர்டர் வகை. நான் போட்டிருந்தது எஸ்எல் லிமிட் ஆர்டர். டிரிகர் 188, லிமிட் 187.50 என்பது மாதிரி. விலை 188-ஐத் தொட்டதும் ஆர்டர் சந்தைக்குப் போகும், ஆனால் 187.50-க்குக் கீழே விற்காதே என்று நானே கட்டிப்போட்டிருக்கிறேன். வேகமாக விழும்போது விலை நேராக 186-க்குப் போய்விட்டது. ஆர்டர் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது, நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். லிமிட்டை டிரிகருக்கு இரண்டு மூன்று சதவீதம் கீழே வைக்க வேண்டும். 183 என்று வைத்தால் 183-க்குத்தான் விற்கும் என்று அர்த்தமில்லை; அதுவரை கிடைக்கிற நல்ல விலைக்கு விற்கும். எஸ்எல்-எம் வகை என்றால் லிமிட்டே இல்லாமல் சந்தை விலைக்குப் போகும். மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இ அதை 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டது. இன்னொன்று: சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்று மாலை 3.30-க்குக் காலாவதியாகிவிடும். டெலிவரிப் பங்குக்கு தினமும் போட வேண்டும், இல்லையென்றால் ஜிடிடி (டிரிகர் விலை வரும்வரை காத்திருக்கும் ஆர்டர்) போட வேண்டும். ஜிடிடி போட்டாலும், விற்ற பங்கை நம் டீமேட் கணக்கிலிருந்து எடுக்க புரோக்கருக்கு அனுமதி தரும் டிடிபிஐ படிவத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கவில்லை என்றால், அன்றைக்கு டி-பின் (ரகசிய எண்) கொண்டு அனுமதிக்காத பங்கை விற்கும்போது ஆர்டர் நிராகரிக்கப்படலாம். இதை இன்றே சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, லோயர் சர்க்யூட், அதாவது ஒரு பங்கு ஒரே நாளில் விழ அனுமதிக்கப்பட்ட கடைசி எல்லை. என் மூன்றாவது பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பட்டியலில் இல்லாதது, 10 சதவீத வரம்பு கொண்டது. அது 10 சதவீதம் விழுந்து பூட்டிக்கொண்டது. விற்பவர் வரிசை நீண்டது, வாங்க ஆளில்லை. அங்கே எந்த ஸ்டாப்லாஸும் வேலை செய்யாது. மறுநாள் காலைதான் பயத்தில் விற்று வெளியே வந்தேன். பங்கை வாங்குமுன் அதன் சர்க்யூட் வரம்பு 2, 5, 10, 20 இவற்றில் எது என்று எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு சிறியதாக இருந்தால் பாதுகாப்பு என்று தோன்றும். வெளியேறும் கதவு அந்த அளவுக்குச் சீக்கிரம் மூடும் என்பதுதான் அதன் அர்த்தம். 2, 5 சதவீத வரம்புப் பங்குகளுக்கு நான் எண்ணிக்கையைப் பாதியாக்குகிறேன்.

இதனால்தான் வாய்பாட்டின் விடைக்கு மேல் இன்னொரு உச்சவரம்பும் வேண்டும் என்கிறேன்: எந்த ஒரு பங்கிலும் மொத்த முதலில் 25 சதவீதத்துக்கு மேல் போடாதீர்கள். முன்னே சொன்ன 157 பங்கின் மதிப்பு 1,00,794, மொத்த முதலில் 24 சதவீதம், சரி. நெருக்கமான ஸ்டாப்லாஸ் சொன்ன 363 பங்கின் மதிப்பு 2,33,046, அதாவது 56 சதவீதம். 2024 ஜனவரி 17 அன்று, முந்தைய நாள் காலாண்டு முடிவு வந்த எச்டிஎஃப்சி வங்கிப் பங்கு காலையிலேயே இடைவெளி விட்டுக் கீழே திறந்து, நாள் முடிவில் 8 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கிக்கே அப்படி ஒரு நாள் வருகிறது. 2,33,046-இல் 8 சதவீதம் 18,644, திட்டமிட்டதோ 4,180. காலாண்டு முடிவு, பட்ஜெட், தேர்தல் முடிவு போன்ற தேதிகள் முன்னாலேயே தெரியும். அந்த இரவைத் தாண்டி வைத்திருக்கும் எண்ணிக்கை பாதியாகட்டும், அல்லது வெளியே நில்லுங்கள்.

மூன்றாவது ஓட்டைதான் எனக்குப் பிடிபட அதிக நாளானது. மூன்று பொதுத்துறைப் பங்கு என்பது மூன்று வர்த்தகம் இல்லை. ஒரே காரணத்துக்காக ஏறி, ஒரே காரணத்துக்காக விழப்போகிறவை. ஒரே பந்தயத்தை மூன்று பெயரில் கட்டியிருந்தேன். 1983-இல் சிகாகோவின் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் புதியவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வர்த்தகம் செய்யவிட்டார்கள்; டர்டில்ஸ் என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்கள் விதியில் ஒரு சந்தையில் அதிகபட்சம் 4 யூனிட் (ரிஸ்க்கை வைத்துக் கணக்கிட்ட ஒரு அளவு), நெருங்கிய உறவுள்ள சந்தைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 6, ஒரே திசையில் மொத்தம் 12 என்று வரம்பு இருந்தது. நாற்பது வருடத்துக்கு முன் எழுதி வைத்த விஷயத்தை நான் 77,550 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். இப்போது திறந்திருக்கும் எல்லா வர்த்தகங்களின் ரிஸ்க்கையும் கூட்டினால் மொத்த முதலில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே துறையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன். ஐடி, வங்கி என்ற பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே செய்திக்கு ஒன்றாக அசைந்தால் அது ஒரே துறை.

ஒரு சதவீதமா இரண்டா என்பதற்கு, தொடர் தோல்வியை வைத்து யோசியுங்கள். நாணயத்தை நூறு முறை சுண்டினால், ஓரிடத்தில் தொடர்ச்சியாக ஆறு பூ விழ 50 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. பாதி நேரம் ஜெயிக்கும் முறை வைத்திருப்பவருக்கும் தொடர்ச்சியாக ஆறு தோல்வி அதே மாதிரிதான் வரும். மோசமான காலத்தில் பத்துகூட வரலாம். பத்துத் தோல்வியில், 1 சதவீதம் வைத்தவர் மொத்த முதலில் 9.6 சதவீதம் இழப்பார். 2 வைத்தவர் 18. 5 வைத்தவர் 40. 10 வைத்தவர் 65. 10 சதவீதம் இழந்தால் மீட்க 11 சதவீதம் ஈட்டினால் போதும், 50 இழந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். நான் இழந்தது 30 சதவீதம். பழைய ஆறு லட்சத்துக்கு வர 43 சதவீதம் ஈட்ட வேண்டும். எப்போதும் இன்றைய முதலின் மேல் சதவீதம் போடுங்கள், தொடங்கிய முதலின் மேல் அல்ல. அப்போது தோற்கும்போது எண்ணிக்கை தானாகச் சுருங்கும். புதியவர்கள் முதல் ஐம்பது வர்த்தகம் அரை சதவீதத்தில் இருப்பது நல்லது.

அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயில், கையில் இருக்கும் பணத்தைப் போல ஐந்து மடங்கு வரை புரோக்கர் வாங்க விடுவார். 2021 செப்டம்பர் முதல் அதற்கு மேல் கிடையாது. வாய்பாட்டில் அந்த ஐந்து மடங்குக்கு இடமே இல்லை. உங்கள் சொந்த முதலில்தான் ஒரு சதவீதம். ஃபியூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கான ஒப்பந்தங்களில்) வேறு சிக்கல், லாட்டை, அதாவது மொத்தமாக வாங்க வேண்டிய எண்ணிக்கைக் கட்டை, உடைக்க முடியாது. லாட் 75 என்று வையுங்கள், ஸ்டாப்லாஸ் 100 புள்ளி. ஒரு லாட்டுக்கு ரிஸ்க் 7,500. என் 4,180-ஐ வகுத்தால் 0.56 லாட் வருகிறது. அதைக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் பூஜ்யம். அந்த வர்த்தகம் என் முதலுக்கு உரியதல்ல, அவ்வளவுதான். மார்ஜின் (முன்பணம்) கட்டப் பணம் இருக்கிறது என்பது வேறு, ரிஸ்க் தாங்கும் பணம் இருக்கிறது என்பது வேறு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வு சொல்கிறது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு கூகுள் ஷீட்டில் ஒரு வரி நிரப்புகிறேன். இன்றைய முதல், சதவீதம், வாங்கும் விலை, ஸ்டாப்லாஸ், கட்டணமும் சறுக்கலும், எண்ணிக்கை, அதன் மதிப்பு மொத்த முதலில் எத்தனை சதவீதம், துறை, திறந்திருக்கும் மொத்த ரிஸ்க். ரவுண்ட்டவுன் சூத்திரம் எண்ணிக்கையைத் தானே கீழ்நோக்கி முழுமையாக்கும். முந்தைய இரவே நிரப்பிவிட வேண்டும்; 9.15-க்கு விலை ஓடும்போது நிரப்பினால் கை நடுங்கும், எண்ணும் மாறும். காலையில் பங்கு என் விலைக்கு மேலே திறந்துவிட்டால் பழைய எண்ணிக்கையை வைத்து வாங்கக் கூடாது. 642-க்குப் பதில் 650-இல் வாங்கினால் வித்தியாசம் 34.50, 157 பங்கு 121 ஆகிவிடுகிறது. முடிந்தபின் லாப நட்டத்தை ரூபாயில் மட்டும் எழுதாமல், எடுத்த ரிஸ்க்கில் எத்தனை மடங்கு என்றும் எழுதுங்கள். எந்த நட்டமாவது ஒன்றரை மடங்கைத் தாண்டினால், அன்று ஆர்டரிலோ பங்கிலோ உங்களிடமோ ஏதோ உடைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்ததை எடுக்க வேண்டாம்.

2024 ஆகஸ்டில் அரை சதவீத ரிஸ்க்கோடு மறுபடி தொடங்கினேன். முதல் ஐந்து வர்த்தகமும் வரிசையாக ஸ்டாப்லாஸில் போயின. பழைய பயம் வயிற்றில் புரண்டது. ஆறாவதை எடுக்காமல் முதலில் ஐந்தையும் கூட்டிப் பார்த்தேன். மொத்த நட்டம் 10,360 ரூபாய். 395-இல் வெட்டியிருந்தால் வந்திருக்கும் அந்த ஒற்றை 10,000 ரூபாய் நட்டத்தைவிட 360 ரூபாய்தான் அதிகம். ஷீட்டைத் திறந்து, குறைந்த முதலைப் போட்டு, ஆறாவது வரியை நிரப்பினேன். அன்று 64 பங்கு என்று வந்தது, 64 வாங்கினேன்.